எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் டயாலிசிஸ் ஆராய்ச்சி பற்றி வந்த கட்டுரையை மெஷினில் படுத்தபடியே படித்தேன். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், இல்லாத கையால் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு படிக்கப் பழகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரும் கேட்டு வாங்கிப் படித்தார். 2023-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வைப் பற்றிய கட்டுரை அது. 1,360 நோயாளிகளில் வழக்கமான டயாலிசிஸ் செய்தவர்களில் 21.9 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து கூடுதலாக நீரை வடித்து, அதே அளவு சுத்தமான திரவத்தைத் திருப்பிச் செலுத்தும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையில் இது 17.3 சதவீதம். சந்தோஷமான செய்திதான். பெரியவர் பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சரிம்மா, மிச்சம் இருக்கிறவங்க எப்படி இருக்காங்களாம்?" என்று கேட்டார். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. அந்த ஆய்வில் நோயாளிகளிடமே அவர்கள் உடல்நிலை பற்றிக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். தங்கள் கட்டுரைதான் அதை விட்டுவிட்டது.

நான் தொழிலால் கணக்கர். சில ஆண்டுகளாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். எண்களைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத ஆள் என்பதால், ஒவ்வொரு முறையும் எனக்காக நிரப்பும் தாளையும் எட்டிப் பார்ப்பேன். ஏறும்போது எடை, இறங்கும்போது எடை, மணிக்கொரு தடவை பிரஷர், பம்பின் வேகம், எடுத்த தண்ணீர், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு எல்லாம் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, யூரியா எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, ரத்தம் போதுமான அளவு சுத்தமானதா என்று காட்டும் 'கேடி பை வி' என்ற ஓர் எண்ணையும் போடுவார்கள். அது 1.2-க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. தாளைப் பார்த்தால் என் சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே நாள் மாலையில், எழுந்து போய்த் தண்ணீர்க் குவளையை எடுக்கத் தெம்பில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

டயாலிசிஸ் முடியும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ரத்தம் முழுவதும் உடலுக்குத் திரும்பிய பிறகு ஊசிகளை எடுப்பார்கள். ஊசி இருந்த இடத்தில் பஞ்சை வைத்து நாமே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார வைத்து ஒரு பிரஷர், நிற்க வைத்து ஒரு பிரஷர். அப்புறம் டெக்னீஷியன், "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. "இல்லை" என்போம். "தலை சுத்துது" என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் படுக்கச் சொல்வார்கள். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வாசலில் நிற்பார்கள், வண்டி காத்திருக்கும். எனவே எல்லாரும் 'இல்லை' சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறோம். டெக்னீஷியனைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் கட்டம் இருந்தால் அவர் சரியாகவே கேட்பார்.

என்ன கேட்க வேண்டும் என்பதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2006-இல் கனடாவில் ஒரு குழு ஒரே கேள்வியை வைத்து ஆராய்ந்து பார்த்தது: "டயாலிசிஸ் முடிந்து பழையபடி ஆக உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?" பின்னர் 12 நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பேர் இரண்டு மணி நேரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நான்கில் ஒருவருக்கு மேல் ஆறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. பத்தில் ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் போதவில்லை. தேற அதிக நேரம் எடுப்பவர்கள் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பதும் கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் எங்கள் அசதியை வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. அது கணக்கில் வர வேண்டிய அளவு. ஒரு கேள்வி, அரை நிமிடம், ஊசி கூட வேண்டாம்.

இதோடு நிற்கவில்லை. எந்த டயாலிசிஸ் ஆய்வானாலும் எதைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று முடிவு செய்ய 'சாங்' என்ற சர்வதேச முயற்சி நடந்தது. நோயாளிகள், வீட்டார், மருத்துவர்கள், நர்ஸுகள் எல்லாரையும் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். மருத்துவத் தரப்பு மரணம், மருத்துவமனைச் சேர்க்கை போன்றவற்றுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தது. எங்கள் தரப்பு கொடுத்தது, டயாலிசிஸுக்குப் பிறகு வரும் சோர்வுக்கும், மெஷின் இல்லாத நேரத்துக்கும், பயணம் போக முடிவதற்கும். கடைசியில் கட்டாயப் பட்டியலில் நான்கு இடம்பெற்றன: அசதி, இதய நோய், ஃபிஸ்டுலா போன்ற ரத்தக்குழாய் வழி, மரணம். அசதி அதில் ஏறியதே நோயாளிகளைக் கேட்டதால்தான். அதை அளக்க மூன்றே கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கடந்த வாரம் அசதியாக இருந்ததா, தெம்பு இல்லாமல் இருந்ததா, அசதியால் வழக்கமான வேலைகள் தடைப்பட்டனவா? அவ்வளவுதான்.

கேட்டால் மருந்தும் வரும். டயாலிசிஸ்காரர்களைத் தூங்கவிடாத அரிப்பை நீண்ட காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிப்பு எவ்வளவு கடுமை என்று நோயாளிகளையே எண் போடச் சொல்லி நடத்திய ஆய்வுகளின் பலத்தில்தான், அதற்கென்றே டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிமருந்துக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போன டயாலிசிஸுக்குப் பிறகு உடலில் மூன்றரை லிட்டர் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் அதை எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு சுமார் 14.6 மில்லி. ஐந்து மணி நேரமாக நீட்டினால் சுமார் 11.7. மணிக்கு 13 மில்லியைத் தாண்டுகிறவர்களிடம் இறப்பு அதிகம் என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. தண்ணீரை வேகமாக இழுக்கும்போதுதான் கடைசி மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, பிரஷர் இறங்குகிறது, பிழிந்து போட்ட துணி மாதிரி வீட்டுக்கு வருகிறோம். நேரத்தை நீட்டினால் என்ன என்று பார்க்க அமெரிக்காவில் 'டைம்' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 266 மையங்கள், 7,000-க்கும் அதிகமான நோயாளிகள். ஒரு பிரிவுக்கு 255 நிமிடம் இலக்கு. மற்றதற்கு வழக்கப்படி. நடந்தது என்ன தெரியுமா? சராசரியாக ஒரு பிரிவு 216 நிமிடம், மற்றது 207 நிமிடம். ஒன்பது நிமிட வித்தியாசத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வியக்க ஒன்றுமில்லை. மையத்துக்கு அடுத்த ஷிஃப்ட் அவசரம். நாங்களும் மூன்றாவது மணி நேரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பவர்கள்தான். "இன்னும் அரை மணி நேரம் இருங்கள், கால் பிடிக்காது, சாயங்காலம் எழுந்து நடமாடலாம்" என்று சொன்னால் நான் இருப்பேன். "இருந்தால் நல்லது" என்று பொதுவாகச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் என் நேரத்தைக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்று, அந்த இரண்டு நாள் இடைவெளி. வாரத்தில் ஏழு நாள், டயாலிசிஸ் மூன்று முறை. ஓர் இடைவெளி நீண்டுதான் ஆக வேண்டும். அந்த இடைவெளியின் கடைசியில் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் எங்களில் யாருக்கும் புதிதில்லை. அமெரிக்காவில் 32,065 பேரின் பதிவுகளைப் பார்த்து 2011-இல் எழுதினார்கள்: இடைவெளி முடிந்த நாளில் இறப்பு விகிதம் ஆண்டுக்கு நூறு பேருக்கு 22.1, மற்ற நாட்களில் 18.0. வாரம் மூன்று முறை என்பது ஆய்வில் ஒப்பிட்டு நிறுவிய எண் இல்லை. 1960-களில் நடைமுறையில் வந்து படிந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. மாற்றிப் பார்ப்பது சுலபமில்லை என்பதும் தெரியும். வாரம் ஆறு முறை செய்து பார்த்த ஆய்வில் இதயத்துக்கு நன்மை தெரிந்தது, ஆனால் ஃபிஸ்டுலாவைச் சரிசெய்ய வேண்டிய தேவையும் அதிகமானது. மெஷின் இல்லாத நேரம் போய்விடும் என்பது வேறு.

எல்லாவற்றையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். டயாலிசிஸ் திரவத்தைக் கொஞ்சம் குளிர வைத்தால் இதயத்துக்கு நல்லது என்று பலர் நம்பினார்கள். கனடாவில் 15,000-க்கும் அதிகமானோரிடம் செய்து பார்த்து 2022-இல் வெளியிட்டபோது நன்மை எதுவும் தெரியவில்லை. நோயாளிகள் குளிரில் நடுங்கியதுதான் மிச்சம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் மற்றவர்களின் இதயத்தைக் காக்கின்றன. டயாலிசிஸ் செய்பவர்களை மட்டும் வைத்து 2005-லும் 2009-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. அதனால் வேறு யாரிடமோ செய்த சோதனையின் முடிவை அப்படியே எங்கள் தலையில் கட்ட முடியாது. சிறுநீரக நோய்க்குப் பெயர் பெற்ற டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரைகளின் பெரிய ஆய்வுகளிலும், 2020-லும் 2022-லும் வந்தவற்றில், டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால் 'கிட்னிக்குப் புது மாத்திரை' என்று தலைப்பு வந்ததும் எங்கள் வார்டில் பேப்பர் கட்டில் கட்டிலாகச் சுற்றியது. அடுத்த டாக்டர் ரவுண்டில் ஆளாளுக்கு அந்த மாத்திரையைக் கேட்டோம்.

ஆகையால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீரக ஆராய்ச்சி பற்றிச் செய்தி போடும்போது, ஆய்வில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தார்களா, அவர்களிடம் என்ன கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். 'தேற எவ்வளவு நேரம் ஆகிறது' என்ற கேள்வியையும், அசதி பற்றிய அந்த மூன்று கேள்விகளையும் மருத்துவப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் டெக்னீஷியனிடம் கொடுப்பேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் இப்போதே தனக்கும் ஒரு பிரதி சொல்லி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு வாசகி