குண்டாஸுக்குப் போடுகிற மனு தண்டனைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்கச் சிறைவாசி ஒருவர் அப்பீலில் தோற்ற பிறகு ஹேபியஸ் கார்பஸ் மனு, அதாவது சட்டவிரோதமாக அடைத்து வைத்தவரை விடச் சொல்லும் ஆட்கொணர்வு மனு, போட்டு வெளியே வந்த கதை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இது அந்த ஊர்ச் சட்டம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்காததால் திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு பேர் உங்கள் பேப்பரை மடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்கள். தம்புச் செட்டித் தெருவில் 31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான், பெரம்பூரில் கோர்ட் விவகாரம் என்றால் முதலில் இங்கேதான் வருவார்கள்.

அங்கே மாநில நீதிமன்றங்களின் படியெல்லாம் ஏறி முடித்த பிறகும், அரசியலமைப்பு தந்த உரிமை மீறப்பட்டது என்று சொல்லி ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. அதற்கும் 1996-இல் வந்த சட்டம் ஒரு வருடம்தான் கெடு வைத்திருக்கிறது. நம்மிடம் அந்த வழியே இல்லை. அதிகாரமுள்ள நீதிமன்றம் விசாரித்துத் தண்டனை கொடுத்துவிட்டால் அது சட்டப்படியான காவல், தீர்ப்பு தப்பு என்று ஆட்கொணர்வு மனுவில் வாதாட முடியாது. உயர் நீதிமன்றம் கையெழுத்துப் போட்ட கிரிமினல் தீர்ப்பை, எழுத்துப் பிழை கணக்குப் பிழை தவிர, அதே நீதிமன்றமே திருத்த முடியாது.

அப்புறம் ஏன் ஜனங்களுக்கு ஹெச்.சி.பி. என்கிற இந்த ஆட்கொணர்வு மனு மேல் இவ்வளவு நம்பிக்கை என்றால், குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம்தான் காரணம். 1982-ஆம் வருடத்து 14-ஆம் எண் சட்டமான அதில் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம், அதை உடைக்க ஹெச்.சி.பி. போடுவார்கள், பல நேரம் உடைந்தும்விடும். வீட்டார் கொடுத்த மனுவைத் தாமதமாகப் பார்த்தார்கள் என்றோ, கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்கும்படி இல்லை என்றோ ரத்தாகி, எங்கள் பக்கத்துப் பையன்கள் வெளியே வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே மருந்து கோர்ட் கொடுத்த தண்டனைக்கும் கேட்கும் என்று நினைக்கிறார்கள்.

வியாசர்பாடி அக்கா ஒருவரின் மகனுக்கு அப்பீல் தள்ளுபடியானது. பாரிமுனையில் ஒரு டீக்கடையில் அறிமுகமான ஆள், வக்கீலும் இல்லை குமாஸ்தாவும் இல்லை, “ஹெச்.சி.பி. போட்டால் மூணே வாரம், பையன் வெளியே” என்று சொல்லி 35,000 ரூபாய் வாங்கினான். நகையை அடகு வைத்த பணம். அக்கா என்னிடம் வந்தபோது மஞ்சப் பையிலிருந்து மனுக் கட்டை எடுத்து வைத்தார். டாக்கெட்டில், அதாவது கட்டின் மேல் தாளில், இந்த மனு சட்டப்படி எப்படி நிலைக்கும் என்று கேட்டுத் திருப்பிய குறிப்பு. உயர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் பார்த்தது தீர்ப்புத் தேதியைத்தான். 140 நாள் ஓடியிருந்தது.

உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட 90 நாள்தான் கெடு. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும், மன்னிப்பதும் மன்னிக்காததும் நீதிபதிகள் கையில். இத்தனைக்கும் இதற்குக் காசே தேவையில்லை, சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டம் சொல்கிறது. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம், 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

ஹெச்.சி.பி.யே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தண்டனைக் காலம் முடிந்தும் விடாமல் வைத்திருந்தால் அது சட்டவிரோதக் காவல், தாராளமாகப் போடலாம். ஹெச்.சி.பி. இல்லாத இன்னொரு வழியும் உண்டு: குற்றம் நடந்தபோது 18 வயது ஆகவில்லை என்பதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகும்கூட. 1994-இல் நடந்த கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று 28 வருடம் சிறையில் இருந்தவரை, சம்பவத்தின்போது அவருக்கு 12 வயதுதான் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்கும் ஹேபியஸ் கார்பஸுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த இணைப்பில் அந்த 90 நாளையும் 15100-ஐயும் பெட்டி கட்டிப் போடுங்கள், பெரிய எழுத்தில். அக்காவின் மகன் போன வாரம்தான் புழல் சிறையில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், தாமத மனுவோடு கட்டு டெல்லிக்குப் போகிறது. டீக்கடை ஆளின் போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
பெரம்பூர், சென்னை