சனிக்கிழமைக் கூடுகையும் ஒரு சிறு திருத்தமும்

அன்பான பெற்றோரே, ஸ்தோத்திரம்.

"என் மகன் பார்த்துப் படிக்கிற பிள்ளை, மகள் கேட்டுப் படிக்கிற பிள்ளை" என்று பலர் எழுதியிருந்தீர்கள். வீட்டில் படிப்பிக்கத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் பெயர் ஒட்டி வைத்தேன். பார்வை, செவி, வாசிப்பு, செயல் என்று 1992இல் கல்வியாளர் நீல் பிளெமிங் பரப்பிய வகைப்பாடு அது. ஆனால் பிள்ளையின் வகைக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகப் பதியும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள்.

பாடம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். நம் மட்டக்களப்பு வாவியில் நீருக்கடியில் கேட்கும் மீன் பாட்டைப் படம் வரைந்தா விளக்குவது? துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைக்க வேண்டும், எந்தப் பிள்ளையானாலும்.

மனப்பாட வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க விடாதீர்கள். வேதாகமத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள். (என் இளையவன் முறைப்பான், ஆனாலும் சொல்லிவிடுவான்.)

சனி பின்னேரம் 4 மணிக்குக் கல்லடிக் கடற்கரை. அப்போஸ்தலன் பவுலின் கப்பல் பயணத்தை மெலித்தா (இன்றைய மால்ட்டா) தீவு வரை மணலில் வரையப்போகிறோம். தண்ணீர்ப் போத்தலும் மாற்றுடுப்பும் கொண்டு வாருங்கள்.