சேகருக்கு, ஒரு பாட்டில்கூட ஏற்றாத கதை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டு. திட்டி முடித்ததும் இதைப் படி. வீட்டில் எல்லோரும் நலம். பாபு இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

போன மாதம் கர்ப்பப்பைக் கட்டியோடு ஒரு டீச்சர் வந்தார். எச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், வெறும் 6.2. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ரத்தம் ஏற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்ட அட்டை பர்ஸிலேயே இருந்தது. சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாமே என்றேன். சேமித்து வைத்ததும் ஆகாதாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று ராத்திரி உன் பழைய பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. செயற்கை ரத்தம்! இன்னும் பத்தே வருஷத்தில் ரத்த வங்கிக்குப் பூட்டு என்று செமினாரில் முழங்கினாயே, மறந்துவிட்டதா? ஹெமோப்யூர் என்ற செயற்கை ரத்த மருந்து 2001-லேயே தென்னாப்பிரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. மாட்டு ஹீமோகுளோபின். குரூப் பார்க்க வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். ஆனால் செல்லுக்குள் அடங்காத ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிக்கொள்கிறது; ரத்தக்குழாய் இறுகி பிரஷர் ஏறுகிறது. இந்த வகை மருந்துகளின் சோதனைகளை 2008-ல் சேர்த்துப் பார்த்தபோது மாரடைப்பும் சாவும் கூடியிருந்தன. அமெரிக்காவில் வேறு வழியே இல்லாதவர்களுக்குத் தனி அனுமதியில் தந்திருக்கிறார்கள். நான் எங்கே போவேன்?

மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்றால் சம்மதமா என்று டீச்சரிடம் கேட்டேன். "அது என் மனசாட்சி முடிவு டாக்டர். உங்ககிட்ட இருக்கா?" என்றார். அசடு வழிந்தேன்.

கடைசியில் எல்லாம் பழைய சரக்குதான். உதிரத்தை நிறுத்த ஊசி, நாலு வாரம் நரம்பு வழியாக இரும்புச்சத்து, சிவப்பணுக்களை ஊறவைக்கும் எரித்ரோபொய்டின். டெஸ்டுக்குக் குழந்தைகள் வார்டு டியூபில் அரை மில்லி மட்டும்; சிஸ்டர் சிரித்தார். எச்.பி. 10.9-க்கு வந்தது. ஆபரேஷன் முழுக்க நான் மானிட்டரை விட சக்‌ஷன் ஜாடியைத்தான் அதிகம் பார்த்தேன். ரத்த இழப்பு 300 மில்லியோடு நின்றது. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

சரி, உறுத்துவது வேறு. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் அதே கட்டி, அதே சோகை. அவருக்கு ரெண்டு பாட்டில் ஏற்றி மறுநாளே தியேட்டருக்குத் தள்ளினோம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் நாலு வாரம் மெனக்கெட்டிருக்கிறேன். இதே டீச்சர் பிரசவத்தில் ரத்தம் கொட்டி நடுராத்திரி வந்திருந்தால் அந்த நாலு வாரமும் ஏது?

உன் செமினார் நோட்டு இருந்தால் அனுப்பு. கிண்டலுக்குக் கேட்கவில்லை.

உன்,
ரவி