நீறு பூத்த நெருப்பு: நம் முகாம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட் பக்கமிருந்து ஒவ்வொரு கோடையும் காட்டுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அந்தப் பயணங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

"ஜூன்ல மறுபடியும் அதே இடம், இந்தத் தடவை இருபது குடும்பம்" என்று நேற்றுக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசை கட்டின. யார் வெங்காயம், யார் பாய், யார் தண்ணீர் கேன் என்று பங்கு பிரித்தும் ஆகிவிட்டது. நான் மட்டும் பதில் போடவில்லை. போன வருடம் மே மாதம் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமலே வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தத் தடவை "நாங்களும் வர்றோம்" என்று போட மனம் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும், அதனால் மடல்.

அன்று ஞாயிறு. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேற்கே மண் சாலையில் நம் கூடாரங்களைப் பிரித்து, பதினோரு மணிக்குக் கிளம்பினோம். முந்தின இரவு பிரியாணி வெந்த அடுப்பு காலையில் உப்புமாவுக்கும் டீக்கும் எரிந்தது. கிளம்பும்போது இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினோம். அதற்கு மேல் நான்கைந்து மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடினோம். மண் போட்டது நான்தான். "அவ்வளவுதான், அணைஞ்சாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டதும் நான்தான்.

ஊருக்குள் வந்து பெட்ரோல் போடும்போது மகளின் ஒரு செருப்பைக் காணோம். அவளையும் அம்மாவையும் ஒரு கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை இருக்கும். செருப்பு ஒரு பைன் மரத்தடியில் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், நாம் மூடிய மண்மேட்டின் ஓரத்திலிருந்து ஊதுவத்தி மாதிரி ஒரே ஒரு கோடாகப் புகை. கையை வைத்தேன், சட்டென்று எடுத்துவிட்டேன். குச்சியால் கிளறினால் உள்ளே தக்காளிச் சிவப்பில் கங்கு. காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி உதிர்ந்த பைன் ஊசிகள், அப்பளம் போல மொறுமொறுவென்று.

காரில் குடிதண்ணீர் ஒரு கேனில் பாதி இருந்தது. ஊற்றினேன், போதவில்லை. அப்புறம் மிஞ்சியிருந்தது தூக்கில் இருந்த மோர். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டு, வழியில் குடிக்க வைத்திருந்தது. அதையும் ஊற்றினேன். சுர்ரென்று எழுந்த அந்த வாடையை இன்னும் மறக்கவில்லை. கறிவேப்பிலை இரண்டு கங்கில் ஒட்டிக்கொண்டு சுருண்டதுகூட நினைவிருக்கிறது. கிளறிக் கிளறி, கையை உள்ளே விட்டுத் துழாவினால் சில்லென்று இருக்கும்வரை அரை மணி நேரம் ஆனது. குழுவுக்கு அன்று நான் அனுப்பியது "ரீச்ட் சேஃப்லி" மட்டும்தான்.

இதில் என்னை உறுத்துவது நம் அறியாமை இல்லை. நமக்கு இது தெரியும். எங்கள் பாட்டி இரவுச் சமையல் முடிந்ததும் கங்கை அடுப்பின் மூலையில் ஒதுக்கி, மேலே சாம்பலைப் போட்டு மூடுவார். மறுநாள் விடியலில் சாம்பலை விலக்கி, ஊதுகுழலால் இரண்டு ஊது, அடுப்பு பற்றிக்கொள்ளும். தீப்பெட்டிச் செலவு மிச்சம். நீறு பூத்த நெருப்பு என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். நெருப்பைக் காப்பாற்றப் பாட்டி எதைச் செய்தாரோ, அதையேதான் நான் நெருப்பை அணைக்கிறேன் என்று செய்துவிட்டு வந்தேன்.

அந்தக் காட்டில் இது என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நாம் கூடாரம் போட்டது கோகோனினோ தேசிய வனத்தில். அதே வனத்தில், ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் பின்னால் தெரியும் மலைச் சரிவில், 2010 ஜூன் 20 அன்று யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து ஷுல்ட்ஸ் தீ கிளம்பியது. 15 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. கதை அதோடு முடியவில்லை. எரிந்த சரிவில் மரமும் இல்லை, மண்ணுக்குத் தண்ணீரை உறிஞ்சும் சக்தியும் இல்லை. சரியாக ஒரு மாதம் கழித்து ஜூலை 20 அன்று பருவமழை கொட்டியபோது, அந்த வெள்ளம் அடிவாரக் குடியிருப்புக்குள் பாய்ந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அடித்துக்கொண்டு போனது. நெருப்பை விட்டுப் போனவர்கள் அந்தத் தெருவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம், 2011 மே கடைசியில், மாநிலத்தின் கிழக்கே அப்பாச்சி சிட்கிரீவ்ஸ் வனத்தில் முகாம் போட்டிருந்த இருவர், நெருப்பு அணைந்துவிட்டது என்று நம்பி நடைக்குப் போனார்கள். அதுதான் வாலோ தீ. 5 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கர், அரிசோனா வரலாற்றிலேயே பெரியது. சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்குப் பரப்பு. அந்த இருவரும் பொறுப்பில்லாத ஆட்கள் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. நானும் கையைத் தட்டிக்கொண்டு காரில் ஏறியவன்தான்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். 2022 ஜூனில், ஷுல்ட்ஸ் தீ எரிந்த அதே மலைப்பகுதியில் இன்னொரு தீ, பைப்லைன் தீ என்று பெயர். 26 ஆயிரம் ஏக்கருக்கு மேல் போனது. அங்கே முகாமிட்டிருந்த ஒருவர், கழிப்பறைக் காகிதத்தைக் கொளுத்தி ஒரு கல்லுக்கு அடியில் வைத்ததாக ஒப்புக்கொண்டார். கொளுத்தியது சனிக்கிழமை, தீ தெரிந்தது ஞாயிறு காலை. நீறு பூத்த நெருப்புக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அன்று நம்மில் 52 பேர் இருந்தோம். இரண்டு இரவு. நாம் போனது டிஸ்பர்ஸ்டு கேம்பிங், அதாவது முகாம் தளம் என்று எதுவும் இல்லாத காட்டில் கூடாரம் போடுவது. அங்கே கழிப்பறை இல்லை, குழாய் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. கட்டணம் இல்லாததற்குக் காரணமே அதுதான். பைசா செலவில்லை என்று மட்டும் நாம் படித்துக்கொண்டோம். கழிப்பிடத்துக்கு நாம் என்ன செய்தோம்? ஒரு சின்னக் கூடாரத்துக்குள் ஒரு குழி. எரிமலைக் கல் நிறைந்த மண், தோண்ட முடியவில்லை, ஒரு சாண் ஆழம்கூட வரவில்லை. முதல் நாள் மாலையிலேயே அது நிரம்பிவிட்டதால் அவரவர் மரத்தைத் தேடிப் போனோம். ஞாயிறு காலை நான் நடக்கப் போனபோது, மரங்களுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாகக் காகிதம். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லிகை கொட்டிக் கிடப்பதாகவே தோன்றும்.

ஒருவருக்கு ஒரு குழி, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம், நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 200 அடி தள்ளி என்பதுதான் முறை. 200 அடி என்பது பெரியவர் நடையில் எழுபது தப்படி. காகிதத்தைப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வர வேண்டும். கேட்க அருவருப்பாக இருக்கிறது இல்லையா? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நாம் வெள்ளைக்காரர்களைவிட முன்னால் நிற்கிறோம். ஒரு சொம்புத் தண்ணீர் போதும், காகிதமே வேண்டாம். அமெரிக்கா வந்து இத்தனை வருடத்தில் சொம்பு நம்மைக் கைவிட்டதில்லை, காட்டில் மட்டும் ஏன் அதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரியவில்லை.

குட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்தக் குட்டைக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டோம். வரைபடத்தில் அதற்குப் பெயர் டேங்க், நம் ஊர் ஏரியை ஆங்கிலத்தில் எழுதுவார்களே அதே மாதிரி. மாடுகளும் எல்க் மான்களும் அந்த வட்டாரத்தில் தண்ணீர் குடிக்க அதை விட்டால் வேறு இடம் இருக்காது. ஆட்கள் நிற்கும்வரை அவை கிட்டே வராது, தாகத்தோடு மரங்களுக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் இப்படிப்பட்ட நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் முகாம் போட்டு விலங்குகளைத் தடுக்கக்கூடாது என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு எல்க் கத்தியதைக் கேட்டு நாம் எல்லோரும் பரவசப்பட்டோம். அது நம்மைத் திட்டியிருக்கும் என்று இப்போது படுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ போகவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போகத்தான் வேண்டும். ஜூனில் சாண்ட்லரில் வெயில் 110 பாரன்ஹீட்டைத் தாண்டும்போது, இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 7,000 அடி உயரம், ராத்திரி ஸ்வெட்டர் போடும் குளிர். பாண்டரோசா பைன் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்தால் வனிலா வாசம். போன வருடம் என் மகள் அந்த மரத்தை விடவே இல்லை, "அப்பா, ஐஸ்கிரீம் மரம்" என்று ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போய் முகரவைத்தாள். பதினொரு மணிக்கு மேல் விளக்குகளை அணைத்ததும் பால்வீதி கண்ணெதிரே இறங்கி நின்றது. சர்வதேச இருள்வான நகரம் என்று உலகிலேயே முதலில், 2001-ல், பெயர் வாங்கிய ஊர் ஃபிளாக்ஸ்டாஃப். அங்கே வானம் அப்படித்தான் இருக்கும். 1905-லிருந்து நடக்கும் வனச் சேவைத் துறையின் கையில் நாடு முழுக்க 19 கோடி ஏக்கருக்கு மேல் நிலம். அதில் பெரும்பகுதியில் முன்பதிவு, கட்டணம் எதுவும் கேட்காமல், போய் 14 நாள் வரை படுத்துக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வரிசையில் நின்றே பழகிய நமக்கு, ஒரு படிவமும் கேட்காத இடம் இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

சரி, நான் கேட்பது என்ன?

பருவமழை இறங்கும்வரை விறகு அடுப்பு வேண்டாம். அரிசோனாவில் மே, ஜூன்தான் காடு காய்ந்து கிடக்கும் காலம், மழை வழக்கமாக ஜூலையில்தான் வரும். முதல் கட்டத் தீக்கட்டுப்பாடு அறிவித்துவிட்டால் இப்படிப்பட்ட இடங்களில் விறகும் கூடாது, கரியும் கூடாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். கிளம்புகிற அன்று காலை வனத்துறைப் பக்கத்தில் இதைப் பார்ப்பது ஒருவரின் வேலை என்று பெயர் போட்டு ஒதுக்குங்கள். வெங்காயத்துக்குக்கூடப் பெயர் போட்டு ஒதுக்குகிறோம், இதற்கு ஆள் இல்லை.

பிரியாணி போடும் அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அண்ணா, உங்கள் தம் பிரியாணி விறகில்தான் சரியாக வரும் என்று எனக்கும் தெரியும். இரண்டு தட்டு வாங்கித் தின்றவன் நான். ஆகஸ்டில் மழை நன்றாகப் பெய்து, கட்டுப்பாடும் நீங்கியபின் விறகில் போடுங்கள். ஜூனில் கேஸ். அடி பிடித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

விறகு எரிக்கும் காலத்திலும், நெருப்புக்கென்றே 20 லிட்டர் கேன் ஒன்று, அதில் யாரும் கை கழுவக்கூடாது. காலை டீக்கு விறகு மூட்டவே வேண்டாம், கேஸ் போதும். நெருப்பை முந்தின இரவே அணைத்துவிட்டால் காலையில் இன்னொரு முறை தொட்டுப் பார்க்க நேரம் இருக்கும். ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மண் போட்டு மூடக்கூடாது. எல்லோரும் போனபின் ஒரு கார் மட்டும் அரை மணி நேரம் இருந்துவிட்டு வரட்டும்.

இருபது குடும்பம் என்பதையும் யோசியுங்கள். தேசிய வனத்தில் ஒரு கூட்டம் 75 பேரைத் தொட்டால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். இருபது குடும்பம் என்றால் தாத்தா பாட்டிகளோடு அதைத் தாண்டிவிடுவோம். ஆட்களைக் குறைத்து 74 ஆக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம், அந்த மண்ணுக்கு 52 பேரே தாங்கவில்லை. எல்லோரும் சேர்ந்து போகும் ஆசை இருந்தால், கழிப்பறையும் குழாயும் உள்ள குழு முகாம் தளங்கள் வனத்துறையிலேயே இருக்கின்றன, இணையத்தில் முன்பதிவு செய்யலாம். காசு ஆகும், பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பீட்சா விலை. வசதி இல்லாத இடத்துக்கு மூன்று நான்கு குடும்பமாகப் போவோம்.

ஜூன் பயணத்தை நான்கு குழுவாகப் பிரித்தால் எங்கள் குடும்பத்தை எதில் வேண்டுமானாலும் போடுங்கள். இரண்டு 20 லிட்டர் கேன், ஒரு மண்வெட்டி, நாலு சொம்பு என் பொறுப்பு. கடைசியாகக் கிளம்பும் கார் எங்களுடையது.

அன்புடன்,
மோர் ஊற்றி நெருப்பணைத்தவன்,
சாண்ட்லர், அரிசோனா