ஈராக் கொடியில் இப்போது நட்சத்திரம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அரபு நாட்டுக் கொடிகள் பற்றிய பக்கத்தில் ஈராக்குக்கு மூன்று பச்சை நட்சத்திரங்கள் உள்ள கொடியை அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த நட்சத்திரங்களை 2008லேயே எடுத்துவிட்டார்கள். படம் மாறிப்போவது எந்தப் பத்திரிகையிலும் நடக்கக்கூடியதுதான். படத்துக்குக் கீழே இருந்த அட்டவணைதான் உறுத்தியது: சிவப்பு என்றால் தியாகம், வெள்ளை என்றால் அமைதி, பச்சை என்றால் செழிப்பு. உலகத்தில் எந்தக் கொடிக்கு வேண்டுமானாலும் இதை ஒட்டிவிடலாம். ஈராக் கொடியின் கதை இந்த அட்டவணைக்குள் அடங்காது.

நிறங்களுக்கு அரபு உலகம் காட்டும் பழைய ஆதாரம் ஒரு கவிதை. எழுதிய ஸஃபியுத்தீன் அல்-ஹில்லி 14ஆம் நூற்றாண்டுக்காரர். ஊர் ஈராக்கில் பாபிலோன் இடிபாடுகளுக்குப் பக்கத்திலுள்ள ஹில்லா. எங்கள் செயல் வெண்மை, எங்கள் போர் கருமை, எங்கள் வயல் பசுமை, எங்கள் வாள் செம்மை என்று போகிறது அந்த அடி. நான்கும் ஒரே துணியில் சேர்ந்து பறந்தது, 1916இல் மக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுசைன் உஸ்மானியத் துருக்கியரை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சியில். அப்போது கணக்கு வேறு, அரச வம்சத்துக்கொரு நிறம்: கறுப்பு அப்பாஸியருக்கு, வெள்ளை உமையாக்களுக்கு, பச்சை ஃபாத்திமிகளுக்கு, சிவப்பு ஹுசைனின் ஹாஷிமி குடும்பத்துக்கு. கொடியை வரைந்தவர் பிரிட்டனின் ராஜதந்திரி மார்க் சைக்ஸ் என்று பரவலாகச் சொல்வார்கள். அதே ஆண்டில் பிரான்ஸின் பிக்கோவோடு உட்கார்ந்து அரபு நிலத்தைக் கோடு போட்டுப் பங்கு பிரித்தவரும் இதே சைக்ஸ்தான்!

ஹுசைனின் மகன் ஃபைஸல் 1921இல் ஈராக்கின் அரசரானார். அவர் காலத்துக் கொடியில் ஏழு முனை கொண்ட இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் வந்தன. முனைகளைக் கூட்டினால் 14. அன்றைய மாகாணங்களின் எண்ணிக்கை. நட்சத்திரம் இரண்டு என்பதற்கு அரபுகளும் வடக்கே வாழும் குர்து இனத்தாரும் என்று பொருள் சொன்னார்கள். 1958 ஜூலை 14 ராணுவப் புரட்சியில் இளம் மன்னர் இரண்டாம் ஃபைஸலைச் சுட்டுக் கொன்றார்கள். கொடியும் அவரோடு போயிற்று.

அடுத்து ஆட்சிக்கு வந்த ராணுவ அதிகாரி அப்துல் கரீம் காசிம் 1959இல் ஏற்றிய கொடிதான், என்னைக் கேட்டால், ஈராக் கண்டவற்றில் சிறந்தது. கறுப்பு, வெள்ளை, பச்சை மூன்றும் செங்குத்தாக நிற்கும். நடுவில் எட்டு முனைச் சிவப்பு நட்சத்திரம், அதன் மையத்தில் ஒரு மஞ்சள் வட்டம். நட்சத்திரம் இஸ்லாத்துக்கும் முந்தைய மெசபடோமியாவை நினைவூட்டுவது. மஞ்சள் குர்துகளுக்கு உரியது. நாலு வருஷம்தான் பறந்தது. 1963 பிப்ரவரியில் காசிமையும் சுட்டுக் கொன்றார்கள்.

நீங்கள் அச்சிட்ட மூன்று நட்சத்திரங்கள் அந்த ஆண்டில் வந்தவை. எகிப்து, சிரியா, ஈராக் மூன்றும் ஒரே நாடாகச் சேரப்போவதாக ஏப்ரலில் கெய்ரோவில் ஒப்பந்தம் ஆனது. நாட்டுக்கொரு நட்சத்திரம் என்று ஜூலையில் ஈராக் கொடியை மாற்றியது. அதே ஜூலையில் எகிப்தின் நாசர் ஒதுங்கிக்கொள்ள, இணைப்பு நடக்கவேயில்லை. நடக்காத கல்யாணத்தின் பத்திரிகைபோல அந்த நட்சத்திரங்கள் மட்டும் ஏறத்தாழ 45 ஆண்டுகள் கொடியில் தங்கிவிட்டன. பின்னாளில் சதாம் ஹுசைனின் பாத் கட்சி அவற்றுக்குப் புதுப் பொருள் கொடுத்தது: ஒற்றுமை, விடுதலை, சோஷலிசம். துணி அதேதான், உரை வேறு. அட்டவணை போட்டால் எந்தக் காலத்து உரையைப் போடுவீர்கள்?

1980களில் நான் பாக்தாதில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அன்றைய கொடியில் எழுத்து எதுவும் கிடையாது. 'அல்லாஹு அக்பர்' வந்தது 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு. மூன்று நட்சத்திரங்களுக்கு இடையே இருந்த இரண்டு இடைவெளிகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதினார்கள். கையெழுத்து சதாம் ஹுசைனுடையது என்று ஊரெல்லாம் பேச்சு. அதுவரை மதச்சார்பற்ற கட்சி என்று சொல்லிக்கொண்டவருக்கு, அமெரிக்கப் படை வாசலில் நின்றபோது கடவுள் பெயர் தேவைப்பட்டது.

2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாதின் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் சிலையைச் சாய்க்கும் முன் அதன் முகத்தில் அமெரிக்கக் கொடியைப் போர்த்தி, பிறகு அவசரமாக எடுத்துவிட்டு ஈராக் கொடியைப் போட்டார்கள். டிவியில் உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அது எழுத்தில்லாத பழைய கொடி. மறுவருஷம் அமெரிக்கா நியமித்த ஆட்சிக்குழு ஒரு புதுக் கொடியை அறிவித்தது: வெள்ளைத் துணி, நீலப் பிறை, கீழே இரண்டு நதிகளுக்கு இரண்டு நீலக் கோடு, நடுவே குர்துகளுக்கு மஞ்சள். வரைந்தவர் லண்டனில் வாழ்ந்த ரிஃபாத் சாதிர்ஜி. பெரிய கட்டடக் கலைஞர்தான், ஆனால் அவருடைய சகோதரர் அந்தக் குழுவில் உறுப்பினர். வெள்ளையில் நீலத்தைக் கண்டதும் இஸ்ரேல் கொடி என்று தெருவில் கொளுத்தினார்கள். அது கம்பத்தில் ஏறவேயில்லை. மாறாக, மூன்று நட்சத்திரக் கொடியிலிருந்து சதாமின் கையெழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அதே வாசகத்தைக் கூஃபி எழுத்தில் போட்டார்கள். நஜஃபுக்குப் பக்கத்திலுள்ள கூஃபா நகரத்தின் பெயர் கொண்ட எழுத்து அது. சொந்த மண்ணின் எழுத்து என்பதால் அதற்கு அவ்வளவாக எதிர்ப்பு வரவில்லை.

குர்துகளுக்கு அதுவும் போதவில்லை. 1988இல் குர்து ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு வீசிய ஆட்சியின் கொடி அது. எங்கள் அலுவலகங்களில் பறக்கக் கூடாது என்று 2006இல் குர்திஸ்தான் பகுதியின் அன்றைய தலைவர் மசூத் பர்சானி உத்தரவே போட்டார். அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். குர்து இனத்தவரான ஹவார் முல்லா முஹம்மத் அடித்த கார்னரை யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி சவூதியை வீழ்த்தினார். அந்த அணிக்காக ஏற்றிய கொடிக்குத்தான் குர்திஸ்தான் அலுவலகங்களில் தடை!

கடைசியில் 2008 ஜனவரி 22 அன்று நாடாளுமன்றம் நட்சத்திரங்களை நீக்கியது. பிப்ரவரியில் புதுக் கொடி குர்திஸ்தான் தலைநகர் எர்பிலிலும் ஏறியது. இந்தத் தடவை முரண்டு பிடித்தது எதிர்ப்பக்கம்: சுன்னி அரபுகள் வாழும் ஃபல்லூஜா வட்டாரத்தில் பழைய கொடியை இறக்க மறுத்தார்கள். அந்தச் சட்டமும் ஓராண்டுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடுதான். இன்றுவரை அதே கொடிதான் பறக்கிறது.

அடுத்த இதழில் சிரியா என்று அறிவித்திருக்கிறீர்கள். சிவப்பு மேலாக, இரண்டு பச்சை நட்சத்திரங்களோடு இருந்தது அசாத் காலத்துக் கொடி. 2024 டிசம்பரில் அவர் நாட்டைவிட்டு ஓடிய பிறகு, பச்சை மேலாக, மூன்று சிவப்பு நட்சத்திரங்களோடு 1932இல் முதலில் ஏற்றிய கொடி திரும்பி வந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் படத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அட்டவணைக்கு ஒதுக்கும் இடத்தில் இந்தக் கதையை நாலு வரி எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
கடையநல்லூர்