பள்ளத்தைத் தாண்ட ஒரு நடைபாலம்: நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்: பள்ளத்தின் இரு கரை ஊர்ப் பொதுமக்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: நொய்யல் ஆற்றில் கலக்கும் பள்ளத்தின் (ஓடையின்) குறுக்கே எஃகு நடைபாலம் அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தரைப்பாலம் இருக்கும் இடம் தாங்கள் அறிந்ததே. ஆய்வுக்கு வந்த ஜீப் தண்ணீரைப் பார்த்து இக்கரையிலேயே நின்றுவிட்டதும் நினைவிருக்கும். கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் வைக்கிறோம்.

1. தரைப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக இருப்பவை ஹியூம் பைப்புகள், அதாவது கான்கிரீட் குழாய்கள். ஆகாயத்தாமரையும் பனியன் வேஸ்ட் துணியும் வாயை அடைத்தால் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் தளத்தின் மேல் ஏறுகிறது. ஓரக்கட்டை கிடையாது. நட்டிருந்த குத்துக்கற்களில் பாதி போய்விட்டன. கலங்கல் தண்ணீரில் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கீழ்ப்புறம் தண்ணீர் விழுந்து விழுந்து மண் அரித்து, தளத்துக்கு அடியிலேயே பொந்தாகிவிட்டது. மேலே நடப்பவருக்கு அது தெரிய வழியில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி அதைக் கடக்கிறார்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் பெரிய ஆளையே சாய்த்துவிடும். வடிந்த பிறகாவது நிம்மதியா? பாசி வழுக்குகிறது, காலெல்லாம் அரிப்பு. மெயின் ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றினால் அன்றைய கூலியில் பாதி ஆட்டோவுக்குப் போகிறது.

2. கேபிள் தொங்கும் வளைவுப் பாலத்துக்கு எஸ்டிமேட் போட்டிருப்பதாகவும், நிதி வந்ததும் பார்க்கலாம் என்றும் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். வளைவையும் வண்ண விளக்கையும் யார் கேட்டார்கள்? மெலிந்து அழகாய் நிற்கும் நடைபாலத்துக்கு வேறு தொல்லையும் உண்டு. 2000 ஜூன் 10 அன்று திறந்த லண்டன் மில்லேனியம் பாலம், மக்கள் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. ஆட்டத்தை அடக்கும் டாம்பர்கள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள்.

3. நாங்கள் கேட்பது சாதாரண எஃகு ட்ரஸ் பாலம், அதாவது எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்த பாலம்.
அ) இரு கரைக்கும் நடுவே 30 மீட்டர், நடுவில் தாங்கல் இல்லாத ஒரே ஸ்பான். பள்ளத்துக்குள் தூண் வேண்டவே வேண்டாம். தூண் நட்டால் ஆகாயத்தாமரை அதில்தான் சிக்கும், மண் அரிப்பும் அங்கேதான் தொடங்கும்.
ஆ) நடக்கும் அகலம் 3 மீட்டர், கைப்பிடி உயரம் 1.1 மீட்டர். கூட்டம் நெருக்கி நின்றால் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று கொள்ள வேண்டும். 90 சதுர மீட்டருக்கு அது 45 டன்.
இ) ட்ரஸ் ஆழம் (மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் இடையே உள்ள உயரம்) 2.4 மீட்டர். மனிதர் நடப்பது விநாடிக்குச் சுமார் 2 எட்டு. பாலத்தின் இயல்பு அதிர்வு 5 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 5 அதிர்வு) தொட்டால் அந்த நடைக்கு ஆடாது. ஆழத்தைக் குறைத்து எஃகை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கெடுவது இதுதான்.
ஈ) அடிப்பாகம் உச்ச வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது 900 மி.மீ. இருக்க வேண்டும். சென்ற வெள்ளத்தின் கறை கோயில் சுவரில் இன்னும் இருக்கிறது, வந்து அளந்துகொள்ளலாம்.
உ) பள்ளத்தில் வரும் சாயக்கழிவின் உப்பு எஃகைத் தின்னும். வெறும் பெயின்ட் நிற்காது. துத்தநாக முலாம் தொட்டியில் முக்கி எடுத்து, அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். முலாம் பூசிய பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்து துரு பிடிக்கும். ஆகவே துண்டுகளாகச் செய்து, பாலம் அமையும் இடத்தில் போல்ட் போட்டு இணைக்க வேண்டும்.
ஊ) தளத்துக்குச் செக்கர்டு பிளேட் (புடைப்புக் கோடு போட்ட இரும்புத் தகடு) போடாதீர்கள், நனைந்தால் வழுக்கும். டெக் ஷீட் எனும் மடிப்புத் தகட்டின் மேல் 100 மி.மீ. கான்கிரீட் போட்டு, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டால் போதும்.
எ) 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு 30 மீட்டர் எஃகு 14 மி.மீ. நீளும். ஒரு முனை நிலையாகவும் மறுமுனை நகரும் பேரிங்காகவும் (பாலத்தைத் தாங்கும் இருக்கை) இருக்கட்டும். நகரும் முனையில் விடும் இடைவெளியில் மண் அடையாமல் பார்க்க ஆள் வேண்டும். பாலம் கட்டித் திறந்த பின் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

4. செலவு: எஃகு சுமார் 18 டன். செய்து, முலாம் பூசி, ஏற்றிப் பொருத்த டன்னுக்கு 1.25 லட்சம் என்று வைத்தால் 22.5 லட்சம். அஸ்திவாரம், கரைத்தாங்குசுவர், தளம், சாய்தளம் எல்லாம் சேர்த்து 25 லட்சம். வரி நீங்கலாக ஆக மொத்தம் 47.5 லட்சம். மண் பரிசோதனையில் பாறை ஆழத்தில் கிடைத்தால் இது கூடும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனையையே இன்னும் செய்யவில்லையே ஐயா! கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் பஞ்சமா? கரையில் அஸ்திவாரம் எழும்போதே பட்டறையில் ட்ரஸ் தயாராகும். கிரேன் வந்தால் தூக்கி வைப்பது ஒரு நாள் வேலை.

5. ஏனுங்க ஐயா, இன்னும் எத்தனை மழை பாக்கணுமுங்க? ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

6. நடைபாலம் வேண்டும். வளைவு வேண்டாம், விளக்கு வேண்டாம், நடைபாலம் வேண்டும். முழு நிதி இப்போதைக்கு இல்லையென்றால், இரு கரையிலும் ஒவ்வொரு போர் (துளை) போட்டு மண் பரிசோதனை செய்ய இந்த வாரமே உத்தரவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் துளை போடும் ரிக் வண்டி கரையில் இறங்காது.

இப்படிக்கு,
இரு கரை ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், அளவு வரைபடம், முந்தைய மனு ரசீதுகள் 3