விலைக்கு வாங்கிய இணைப்புகளும் விடுதிகளின் இணையத்தளங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாசிக்குடா, கல்குடா பகுதிகளில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துவோருக்கு மாரி காலம் வந்தால் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரு விளம்பரம் தவறாமல் வந்து சேர்கிறது. ஒரே மாதத்தில் விடுதியின் இணையத்தளத்தைக் கூகுளின் முதற்பக்கத்துக்குக் கொண்டுவருவதாகவும், அதற்காக ஐயாயிரம் பேக்லிங்க் அமைத்துத் தருவதாகவும் அதில் சொல்லப்படுகிறது. இம்முறையும் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு அது வந்திருப்பதை அறிந்து, அதே பேச்சை நம்பிப் பணம் கொடுத்து ஒரு பருவகாலத்தின் பெரும்பகுதியை இழந்தவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

கிழக்குக் கரையில் எங்களுக்குத் தொழில் நடப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான். வடகீழ்ப் பருவக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் அறைகள் வெறுமையாகிவிடும். ஆனால் வெளிநாட்டவர் பலர் அடுத்த பயணத்துக்கான விடுதியைத் தேடுவது அந்த மாதங்களில் என்பதால், அந்நேரம் தேடலில் காணாமற்போகும் விடுதிக்கு அதன் இழப்பு கோடையில்தான் தெரியவரும்.

பேக்லிங்க் என்பது வேறொரு தளத்திலிருந்து நமது தளத்தை நோக்கி வரும் இணைப்பு. லாரி பேஜும் செர்கே பிரினும் 1998 இல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவை எத்தகைய பக்கங்கள் என்பதைக் கொண்டு அதன் பெறுமதியை அளக்கும் முறையையே அடிப்படையாக வைத்திருந்தார்கள். அந்த நற்பெயரைக் காசு கொடுத்து உண்டாக்கலாம் என்று கண்டவர்கள் அதை ஒரு வியாபாரமாக்கினார்கள். அதனைத் தடுக்கவே கூகுள் 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2016 செப்டெம்பருக்குப் பின்னர் இத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது; ஆயினும், ஒரு தளம் திட்டமிட்டு இணைப்புகளை வாங்கியிருப்பதாக கூகுளின் பணியாளர்கள் கண்டால், அதைத் தேடலில் பின்தள்ளி நேரடியாகத் தண்டனை விதிக்கும் முறை இன்றும் உள்ளது.

எனக்கு நேர்ந்தது அந்தத் தண்டனை. பணம் வாங்கியவர்கள் சொன்னபடியே செய்து முடித்திருந்தார்கள் என்பதுதான் வேதனை. பங்குனி மாதம் அறை கேட்டு வரும் விசாரணைகள் திடீரென்று நின்றபோது என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஏனெனில் தளத்தின் நிலையைத் தெரிவிக்கும் கூகுள் சேர்ச் கொன்சோல் கணக்கை அவர்கள் தங்கள் மின்னஞ்சலில் திறந்திருந்தபடியால், கூகுளின் அறிவித்தலும் அவர்களுக்கே போயிருந்தது. நல்லவேளையாக டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், என் பெயரில் பதிவாகியிருந்தது. அதன் உதவியால் உரிமையை நிரூபித்து, தங்கை மகன் எங்களுக்கென ஒரு கணக்கைத் திறந்து தந்தபோதுதான், பணியாளர்கள் விதிக்கும் தண்டனைகளைக் காட்டும் ‘மெனுவல் அக்‌ஷன்’ என்ற பகுதியில் இயற்கைக்கு மாறான இணைப்புகள் என்ற குற்றச்சாட்டைக் கண்டோம். இணைப்புகளின் பட்டியலில் சூதாட்டத் தளங்களும், மாத்திரை விற்கும் தளங்களும், ஆண்டுக்கணக்கில் எவரும் கவனிக்காமல் கிடக்கும் பக்கங்களும் நிறைந்திருந்தன. அத்தனையிலும் ‘பாசிக்குடா மலிவு விடுதி’ என்பதற்கு ஈடான அதே ஆங்கிலச் சொற்கள் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தன. உண்மையாக நம்மைப் பரிந்துரைப்பவர்கள் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள்.

துப்புரவு செய்யும் வேலையில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. இணைப்புகளை நீக்குமாறு அந்தத் தளங்களுக்கு முதலில் எழுதவேண்டும் என்பதே கூகுளின் அறிவுரை. எழுதினோம், சிலர் நீக்கினார்கள், பலர் பதிலளிக்கவில்லை, ஒருவர் நீக்குவதற்கும் பணம் கேட்டார். மீதமானவற்றை ‘டிஸவோ’ என்ற கருவியின் மூலம் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று கூகுளிடம் கேட்கலாம்; 2012 ஒக்டோபரிலிருந்து இது உள்ளது. சாதாரண எழுத்துக் கோப்பொன்றில் வரிக்கு ஒரு முகவரியாக எழுதி ஏற்றினால் போதும், முழுத் தளத்தையும் விலக்க வேண்டுமானால் அதன் பெயருக்கு முன்னால் ‘டொமைன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் இடவேண்டும். ஆனால் புதிதாக ஏற்றப்படும் கோப்பு பழைய கோப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அறியாமல், இரண்டாம் தடவை புதிய பெயர்களை மட்டும் ஏற்றிய நாங்கள் முதற்பட்டியலை முழுமையாக இழந்து, மேலும் சில வாரங்களை வீணாக்கினோம்.

அதைவிடப் பெரிய தவறொன்று மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. இணைப்புகளை ஆராய்ந்து ‘நச்சு’ மதிப்பெண் தரும் மென்பொருளொன்றைப் பாவித்தபோது, எங்களிடம் தங்கிச்சென்ற ஜேர்மானியத் தம்பதியர் தமது பயணத்தைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தையும், கடலடி நீச்சல் கற்றுத்தரும் அயலவர் ஒருவரின் தளத்தையும் அது தீங்கானவை என்று குறித்திருந்தது. அந்த மதிப்பெண் கூகுள் வழங்குவதன்று, மென்பொருளை விற்பவர்கள் தாமே கணித்துக்கொள்வது. அதை அப்படியே நம்பியிருந்தால், எங்களுக்கென்று உண்மையாகக் கிடைத்திருந்த இரண்டொரு நற்சான்றுகளையும் எங்கள் கையாலேயே அழித்திருப்போம். ஆகவே ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்தே முடிவெடுத்தோம். பத்து நாட்களுக்கு மேல் சென்றது.

நடந்ததை மறைக்காமல் எழுதிக் கூகுளிடம் மறுபரிசீலனை கோரினோம், சில வாரங்களின் பின்னர் தண்டனை நீக்கப்பட்டது. தளம் பழைய இடத்துக்கு உடனே திரும்பவில்லை. வாங்கிய இணைப்புகளால் கிடைத்த உயர்வும் அவற்றுடனேயே போய்விடும் என்பதையும், அதை எவராலும் மீட்டுத்தர முடியாது என்பதையும் மற்றவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இப்போது இதற்கு மறுபுறமான ஒரு மின்னஞ்சலும் உலவுகிறது. உங்கள் தளத்துக்கு நூற்றுக்கணக்கான தீய இணைப்புகள் வந்துள்ளன, உடனே அகற்றாவிட்டால் தேடலில் மறைந்துவிடுவீர்கள் என்று அச்சுறுத்திப் பணம் கேட்கிறார்கள். எந்தத் தளத்துக்கும் இத்தகைய குப்பை இணைப்புகள் தாமாக வந்து சேர்வது வழமை. பெரும்பாலானவற்றைக் கூகுள் தானே ஒதுக்கிவிடுகிறது, பெரும்பாலான தளங்களுக்கு டிஸவோ கருவி தேவைப்படுவதில்லை என்பதையும் அந்நிறுவனமே தெரிவித்துள்ளது. மெனுவல் அக்‌ஷன் பகுதியில் எந்த அறிவித்தலும் இல்லாமலும், இணைப்புகளை விலைக்கு வாங்காமலும் இருப்பவர்கள் ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து வேறொரு தளத்தில் விளம்பரம் செய்வதும் குற்றமன்று. அந்த இணைப்பை, அது விளம்பரம் என்று கூகுளுக்குத் தெரிவிக்க 2019 இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஸ்பொன்சர்ட்’ என்ற குறியுடனோ, இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ளவேண்டாம் என்று சொல்லும், 2005 முதல் உள்ள ‘நோஃபொலோ’ குறியுடனோ இடும்படி கேட்டுக்கொண்டால் போதும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சுற்றுலாத்துறையினருக்கும் கைத்தறி போன்ற சிறுதொழில் செய்வோருக்கும் பயிற்சிப் பட்டறைகளை நடத்துவோரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். பேஸ்புக் பக்கம் திறக்கவும் படம் எடுக்கவும் கற்பிக்கும் அந்த ஒரு நாளில், டொமைனையும் சேர்ச் கொன்சோல் கணக்கையும் உரிமையாளரின் பெயரிலேயே வைத்திருக்கும் முறையை ஒரு மணித்தியாலமாவது சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அறுகம்பை முதல் வாகரை வரை இணையத்தளம் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களில் பலர், அதன் சாவி எவரிடம் இருக்கிறது என்பதை இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.

இங்ஙனம்,
விருந்தினர் விடுதி உரிமையாளர் ஒருவர்,
கல்குடா.